தீபாவளிப் பலகார மாதத்தில் அடுப்படிக் கருவிகளைப் பேணுவது எப்படி: நான்கு வார வழிகாட்டி

கோலாலம்பூரில் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதையிலும் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவிலும் கூடாரக் கடைகள் எழும்பிவிடுகின்றன. துணிமணிக்கும் பலகாரச் சாமானுக்கும் பட்டியல் எழுதும் நாம், அந்தச் சாமானையெல்லாம் அரைத்தும் பொரித்தும் சுட்டும் தரப்போகிற கருவிகளுக்கென்று அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஒருமுறை தோசை மாவு ஆட்டிக்கொண்டிருந்த கிரைண்டரும், காலையில் ஒரு கரண்டிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த மிக்சியும், அந்த ஒரு மாதத்தில் நாள் தவறாமல் மணிக்கணக்கில் ஓடவேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று இரவுகள் இருந்தபோது, முறுக்கு மாவுக்காக வறுத்த உளுந்தை ஆறவிடாமல் மிக்சியில் போட்டு, ஒரு நடை முடிந்ததும் அடுத்த நடை என்று இடைவிடாமல் அரைத்தேன். ஆறாவது நடையில் ரப்பர் கருகுவது போன்ற நெடி எழுந்தது, அடியிலிருந்து மெல்லிய புகை வந்தது, மிக்சி நின்றுவிட்டது. மறுநாள் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றபோது, மோட்டார்ச் சுருளைப் புதிதாகச் சுற்றவேண்டும், பண்டிகை முடிந்துதான் தரமுடியும் என்று சொல்லிவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மிக்சியில் எந்தக் குறையும் இருக்கவில்லை; நான் அதற்கு ஓய்வு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஆண்டிலிருந்து நான் கடைப்பிடித்துவரும் வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு வாரங்களுக்கு முன்: ஒயரும் பிளக்கும்

பரண்மேலும் அலமாரியிலும் கிடக்கும் கருவிகளை முதலில் வெளியே எடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் நிறைந்திருப்பதால், பல மாதங்கள் மூடிக்கிடந்த மோட்டாருக்குள் ஈரம் இறங்கியிருக்கும். கரப்பான் பூச்சியோ பல்லியோ குடிபுகுந்திருப்பதும் உண்டு. அடியில் உள்ள காற்றுத் துளைகளை உலர்ந்த தூரிகையால் துடைத்து, கருவியைக் காற்றோட்டமான இடத்தில் ஒரு பகல் முழுவதும் வைத்திருந்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

அடுத்து, ஒயரின் முழு நீளத்தையும் விரல்களுக்கிடையில் உருவிப் பாருங்கள். வெடிப்பு, எலி கடித்த தடம், கருவிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் நெகிழ்வு ஆகியவை தென்பட்டால், அதற்கு மேலே டேப் சுற்றிச் சமாளிக்காமல் ஒயரையே மாற்றிவிடுங்கள். பிளக்கின் முனைகளில் பழுப்பு நிறக் கருகல் இருந்தால் உள்ளே எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். தளர்ந்த இணைப்பு சூடாகும். ஓவன் போன்ற பெரிய சுமை ஏறும்போது அந்தச் சூடே பிளக்கை உருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரும் மிக்சியும் இங்குப் பல வீடுகளில் இருக்கின்றன. இரண்டு நாட்டிலும் மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டாருக்கு ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் பிளக்கில்தான் இருக்கிறது. அங்குள்ள பிளக் உருண்டை முனைகள் கொண்டது. நம் சுவரில் இருப்பதோ சதுர முனைகளுக்கான 13 ஆம்பியர்த் துளை. மேல் துளையில் பேனாவையோ சாப்ஸ்டிக் குச்சியையோ நுழைத்து, உள்ளிருக்கும் மூடியைத் திறந்து, உருண்டை முனைகளைத் திணிக்கும் பழக்கத்தை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யும்போது முனைகள் சரியாகக் கவ்வுவதில்லை. நிலத்துக்குச் செல்லும் பாதுகாப்பு இணைப்பும் கிடைப்பதில்லை. ஈரக் கையோடு தொடும் ஒரு கருவிக்கு அந்த இணைப்பு இல்லாமல் இருப்பது உயிருக்கே ஆபத்து. மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரையுள்ள மூன்று முனைப் பிளக் ஒன்றை வாங்கி, பழுப்பு ஒயரை ஃபியூஸ் இருக்கும் பக்கத்திலும், நீல ஒயரை எதிர்ப்பக்கத்திலும், பச்சையும் மஞ்சளும் கலந்த ஒயரை நீண்ட மேல்முனையிலும் பொருத்தவேண்டும். பழைய ஒயர்களில் நிறங்கள் வேறாக இருக்கும்; ஐயம் சிறிதளவு இருந்தாலும் மின் பணியாளரிடமே கொடுத்துவிடுங்கள்.

இதே வாரத்தில் மெயின் பெட்டியைத் திறந்து, கசிவு மின்சாரத்தைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே கீழே விழவேண்டும். விழவில்லையென்றால் பண்டிகைச் சமையலைத் தொடங்கும் முன்பே அதை மாற்றவேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று வாரங்களுக்கு முன்: கிரைண்டரும் மிக்சியும்

கிரைண்டரை முதலில் வெறுமனே ஒரு நிமிடம் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். நம் காதுக்குப் பழகிய ஒலியில் புதிதாக ஒரு தட்டலோ கீச்சொலியோ சேர்ந்திருந்தால், கல் அதன் தண்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்திருக்கிறது. பிறகு ஒரு கைப்பிடி ஊறவைத்த அரிசியை அரைத்து அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். நெடுநாள் கிடந்த கல்லின் தூசியும் பழைய வாடையும் அதோடு போய்விடும். சுமை ஏறியதும் கல் வேகம் குறைந்து ரப்பர் நெடி வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அறியலாம். பெல்ட் விலை அதிகமில்லை, ஆனால் பண்டிகை வாரத்தில் அதைத் தேடி அலைவது பெரிய வேலை.

ஆட்டும்போது ஒரு வரிசையை விடாமல் பின்பற்றுங்கள். பாத்திரத்தில் சிறிது தண்ணீர் விட்டு, கல்லை ஓடவிட்ட பிறகே உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும். உளுந்து முழுவதையும் கொட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டால், நின்றிருக்கும் கல்லை அந்தப் பாரத்தோடு அசைக்க மோட்டார் திணறும்; சுருள் சூடாவது பெரும்பாலும் அந்த முதல் சில நொடிகளில்தான். தண்ணீரை இடையிடையே தெளித்துக்கொண்டே இருங்கள். குளிர்ந்த தண்ணீராக இருந்தால் மாவும் சூடேறாது, கருவிக்கும் நல்லது. ஆட்டி முடித்ததும் மாவு காய்வதற்குள் கல்லைக் கழுவிவிடவேண்டும். மாவு காய்ந்து இறுகிய கல்லோடு மறுநாள் சுவிட்சைப் போடுவதைப் போல் ஒரு கிரைண்டருக்குச் செய்யக்கூடிய கெடுதல் வேறில்லை. மோட்டார் இருக்கும் அடிப்பாகத்தைக் குழாயடியில் காட்டாமல், பிழிந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

மிக்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பலகார மாதத்தில் அதிகம் பலியாவது அதுதான். கிரைண்டர் மெதுவாக, நெடுநேரம் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. மிக்சியோ மிக வேகமாக, சிறிது நேரம் மட்டும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. அதன் மோட்டாருக்குள் இரண்டு கரித்துண்டுகள் சுழலும் பகுதியை உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்துகின்றன. காற்றுத் துளை வழியே சிறு நீலப் பொறி தெரிவது இயல்பு. பெரிய ஆரஞ்சுப் பொறியும் நெடியும் வந்தால் கரித்துண்டு தேய்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் கருவி பிழைத்துக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் முழு மோட்டாரும் போய்விடும்.

ஜாருக்கு அடியிலும் கவனிக்கவேண்டியது உண்டு. அரைத்து முடித்து ஜாரைத் தூக்கும்போது அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்திருந்தால், கத்தியின் தண்டைச் சுற்றியுள்ள வாஷர் போய்விட்டது என்று பொருள். அந்தத் தண்ணீர் நேராக மோட்டாருக்குள்தான் இறங்கும். அந்த ஜாரைப் பழுது பார்க்கும்வரை உலர்ந்த பொருளை அரைக்கக்கூடப் பயன்படுத்தாதீர்கள், ஏனென்றால் உள்ளிருக்கும் கறுப்பு அழுக்கு மாவிலும் கலக்கும்.

அரைக்கும் முறையை என் அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அம்மா புறங்கையை மிக்சியின் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பார். கையை எடுக்காமல் பத்து எண்ண முடிந்தால் அடுத்த நடை. முடியாவிட்டால் அதுவரை ஏலக்காய் உரிப்பார், முந்திரி உடைப்பார், மோட்டாரின் சூடு தணிந்த பிறகே மறுபடி உட்காருவார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. நிமிடக் கணக்கு வேண்டுமென்றால், இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் ஐந்து நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வறுத்த உளுந்தையும் மல்லியையும் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்ட பிறகே போடுங்கள். சூடாகப் போட்டால் ஜாருக்குள் ஆவி எழுந்து, மாவு அடியில் அப்பிக்கொள்ளும், கத்தி திணறும். விரலி மஞ்சளையும் பட்டையையும் முதலில் உரலிலோ இடிகல்லிலோ நொறுக்கிக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருந்த மிக்சி சட்டென்று நின்றால் பதற வேண்டாம். பல மிக்சிகளின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். சுமை மிகும்போது அது தானாகத் தெறித்து மோட்டாரைக் காக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு பொத்தானை அழுத்தினால் ஓடும். ஒரே நாளில் இரண்டாம் முறையும் தெறித்தால் அன்றைய அரைவை அத்தோடு போதும்.

என் கருத்தைக் கேட்டால், நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று முறுக்கு மாவு ஒரு கிலோவைத் தாண்டும்போது வீட்டு மிக்சியை நம்பாமல் மாவு மில்லுக்குக் கொண்டுபோய்விடுவதே நல்லது. மில்லில் அரைத்த மாவு சன்னமாக இருக்கும், முறுக்கும் அறுந்துபோகாமல் பிழியவரும்.

இரண்டு வாரங்களுக்கு முன்: அடுப்பு, எரிவாயு, புகைபோக்கி

முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, அதிரசம் என்று வாணலி அடுப்பைவிட்டு இறங்காத வாரம் இது. தீ நீலமாக எரிகிறதா என்று பாருங்கள். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், பர்னர்த் துளைகளில் எண்ணெயும் மாவும் அடைத்திருக்கின்றன. அடுப்பு ஆறிய பிறகு மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஊசியால் துளைகளைத் திறந்து, ஈரம் சிறிதும் இல்லாமல் காயவைத்து, பள்ளத்தில் சரியாக உட்காரும்படி திரும்பப் பொருத்துங்கள்.

எரிவாயுத் தோம்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் ரெகுலேட்டரிலும் குழாயின் இரு முனைகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு இருக்கிறது. குழாயை மடக்கும்போது விறைப்பாக இருந்தாலோ, வளைவில் மயிரிழைக் கீறல் தெரிந்தாலோ புதியது வாங்கிவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே அது மேலெழுந்து வெளியேறாமல் தரையோடு தேங்கும். வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், விசிறியையும் போடாமல், தோம்பை அடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியேறவேண்டும். பெரிய வாணலிக்காக வாசலில் வைக்கும் உயர் அழுத்த அடுப்பின் ரெகுலேட்டரை ஒருபோதும் வீட்டு அடுப்பில் மாட்டாதீர்கள்.

வாணலியில் எண்ணெய் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கவேண்டாம். எண்ணெயில் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, வாணலியைத் தட்டையான மூடியால் மூடி, அப்படியே விட்டுவிடவேண்டும். தண்ணீர் ஊற்றினால் தீ கூரைவரை எழும். அடங்காவிட்டால் வெளியேறி 999 எண்ணை அழையுங்கள். அந்த மூடியைப் பொரிக்கத் தொடங்கும் முன்பே கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

புகைபோக்கியின் வடிகட்டியில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு தீக்கு விறகு. மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை கழுவினாலும் இந்த மாதம் வாரம் ஒருமுறை கழுவவேண்டும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் இருபது நிமிடம் ஊறினால் போதும். அலுமினிய வலையாக இருந்தால் காஸ்டிக் சோடா போன்ற காரப் பொருள் வேண்டாம். வலை கறுத்து அரித்துப்போகும்.

பலகார வாரம்: ஓவனும் மின்சாரச் சுமையும்

பிஸ்கட் சுடுவதற்காக வெளியே வரும் மேசை ஓவனை, உள்ளே ஒன்றும் வைக்காமல் பதினைந்து நிமிடம் சூடாக்கிப் பழைய வாடையைப் போக்குங்கள். சுற்றிலும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேலே துணியோ ரொட்டிப் பையோ வைக்காதீர்கள். அடித்தட்டில் அலுமினியத் தாள் விரிப்பது பலருடைய பழக்கம். அது சூட்டைத் திருப்பி அனுப்பிச் சூடாக்கும் கம்பியையே கெடுத்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பற்றிய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் மறக்கமாட்டீர்கள். 230 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 2,990 வாட். ஒரு சுவர்த் துளை தாங்குவது ஏறக்குறைய அவ்வளவுதான். ஓவன் 2,000 வாட், மின்சாரக் கெட்டில் 2,200 வாட் என்றால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டும்போது 4,200 வாட், அதாவது 18 ஆம்பியருக்கும் மேல் இழுக்கிறது. ஃபியூஸ் உடனே போய்விட்டால் நல்லது. போகாமல் ஒயர் சூடேறிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து. ஓவன், கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றையும் தனித்தனிச் சுவர்த் துளைகளிலேயே மாட்டுங்கள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் கோலாலம்பூரில் மாலையானால் இடியும் மின்னலும் வழக்கம். வானம் இருட்டும்போதே மைக்ரோவேவ், இண்டக்ஷன் அடுப்பு போன்ற மின்னணுப் பலகை உள்ள கருவிகளின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்; சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. சமைத்துக்கொண்டிருக்கும்போது வீடு முழுவதும் மின்சாரம் போனால், எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கி, மெயின் பெட்டியில் விழுந்த சுவிட்சைத் தூக்குங்கள். அது விழாமல் நின்றால், கருவிகளை ஒவ்வொன்றாக மாட்டிப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது மறுபடி விழுகிறதோ அந்தக் கருவியில்தான் கசிவு. பெரும்பாலும் அது அன்று காலை தண்ணீர் பட்ட கிரைண்டராகவே இருக்கும். ஒன்றும் மாட்டாமலே விழுந்தால் பழுது வீட்டு ஒயரிங்கில் இருக்கிறது, அதற்கு மின் பணியாளர் வேண்டும்.

ஆட்டிறைச்சி வாங்கும் முன்: குளிர்சாதனப் பெட்டி

வருவிருந்து பெருகும் நாளுக்கு முன்பே இதைச் சோதித்துவிடுங்கள். கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டை வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. பெரும்பாலும் ரப்பர் கெட்டிருக்காது. மடிப்புக்குள் அழுக்கு இருக்கும். சோப்புத் தண்ணீரில் தோய்த்த பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துடைத்தாலே மறுபடி கவ்வும். பின்புறம் கம்பிச் சுருள் வெளியே தெரியும் பெட்டியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒட்டடையைத் துடையுங்கள். புதிய பெட்டிகளில் அந்தச் சுருள் பக்கச் சுவருக்குள் இருப்பதால் பக்கங்கள் வெதுவெதுப்பாக இருப்பது பழுதன்று; காற்றுப் போக இடம் விட்டால் போதும்.

கீழ்ப்பெட்டி 4 டிகிரிக்கு மேல் போகாமலும், உறைபெட்டி மைனஸ் 18 டிகிரியிலும் இருக்கவேண்டும். குழம்புப் பானையைச் சூட்டோடு உள்ளே தள்ளினால் மற்ற உணவும் வெதுவெதுப்பாகும், கம்ப்ரசரும் ஓயாமல் ஓடும். அதற்காக இரவு முழுவதும் அடுப்பின் மேலேயே வைத்துவிடவும் கூடாது. தேங்காய்ப்பால் சேர்த்த கறி நம் வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும். அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஆவி அடங்கியதும், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள்: மூடிய கீழ்ப்பெட்டி சுமார் 4 மணி நேரமும், நிரம்பிய உறைபெட்டி சுமார் 48 மணி நேரமும் குளிரைக் காக்கும்.

தீபாவளி நாள்: குக்கரும் ரைஸ் குக்கரும்

ஆட்டிறைச்சி வேகும் பிரஷர் குக்கரில், மூடும் முன் ஆவித் துளையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊதிப் பாருங்கள்; ஒரு பருப்பு தோல் அடைத்திருந்தாலும் ஆபத்து. கேஸ்கட் விறைத்திருந்தால் புதியது போடுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவேண்டாம். நுரைக்கும் பருப்பாக இருந்தால் பாதியே போதும்.

ரைஸ் குக்கரின் வேலையை அறிந்தால் அதைப் பேணுவது எளிது. பானையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறுவதை, சூட்டுத் தட்டின் நடுவே சுருள்வில்லின் மேல் நிற்கும் சிறு உலோகக் குமிழ் உணர்ந்து, சோறு வெந்ததாகக் கொண்டு சுவிட்சைத் தட்டிவிடும். அந்தக் குமிழுக்கும் பானைக்கும் இடையே ஒரே ஒரு சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தாலும் கணக்குப் பிசகி, ஒருநாள் சோறு அரைவேக்காடாகவும் ஒருநாள் அடிபிடித்தும் வரும். விருந்தினருக்காக அடுத்தடுத்துச் சமைக்கும் நாளில், ஒவ்வொரு முறையும் பானையின் அடியை உலரத் துடைத்து, குமிழின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வையுங்கள்.

பண்டிகை முடிந்த வாரம்

களைப்பில் எல்லாவற்றையும் அப்படியே பரணில் ஏற்றிவிடத் தோன்றும். கிரைண்டர்க் கல்லைக் கழுவி, பால்கனியில் முறுக்கு அச்சுகளின் பக்கத்தில் இரண்டு நாள் காயவிடுங்கள். மிக்சி ஜார்களை மூடாமல் வையுங்கள். மூடி வைத்தால் அடுத்த ஆண்டு திறக்கும்போது புளித்த வாடை அடிக்கும். ஓவனின் உட்சுவரில் தெறித்த வெண்ணெயைச் சூடு ஆறியதும் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அது கருகிப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் முடிந்ததும் ஒரு சிறு தாளில் பெல்ட் மாற்றிய மாதம், ஃபியூஸ் மாற்றிய மாதம், எந்த ஜாரில் கசிவு என்பதை எழுதி, மடித்து, மிக்சியின் பெரிய ஜாருக்குள் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டு ஜாரில் இருக்கும் தாளில் இப்போது ஐந்து வரிகள் உள்ளன. முதல் வரி, வறுத்த உளுந்தை ஆறவிடவும் என்பது.